தாய்மொழிக்கு எழுத்துத் தந்த தந்தை செக்வோயா



எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பிறருக்கு எழுத்தறிவிப்பது இயல்பு. எந்த மொழியிலும் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாத ஒருவர், தம் தாய்மொழிக்கு முழுமையான எழுத்து முறையை ஆக்கித் தந்து, தம் இனத்தார் அனைவரையும் படிக்க வைத்தார் என்றால் அது வியப்பன்றோ? அத்தகைய அருஞ்செயலைச் செய்தவர் வட அமெரிக்காவின் செரோக்கி இனத்தில் தோன்றிய செக்வோயா என்னும் பெரியார். அவர்தம் வரலாற்றைச் சொல்லும்போது, செரோக்கியர்க்கும் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய வெள்ளையர்க்கும் இடையே நிலவிய உறவையும் பகையையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது. அவ்விரண்டின் நடுவே பிறந்து வளர்ந்து மறைந்தவர் அவர்.

இரு இனத்தார் வாழ்ந்த நிலம்

பழைய பாடநூல்களில் செவ்விந்தியர் என்று குறிக்கப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடி மக்களுள் செரோக்கியரும் ஓர் இனத்தார். இன்றைய டென்னசி, ஜார்ஜியா, வட கரோலினா, அலபாமா ஆகிய மாநிலங்களின் மலைப்பகுதிகளில் அவர்கள் ஊர் அமைத்துச் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தனர். ஐரோப்பியர் வந்தபின், செரோக்கியர் மான்தோல் கொடுத்து இரும்புக் கோடரி, துப்பாக்கி, துணி முதலியவற்றை வாங்கினர். வணிகத்திற்கு வந்த ஸ்காத்லாந்துக்காரர் பலர் செரோக்கிப் பெண்களை மணந்து அவ்வூர்களிலேயே தங்கிவிட்டனர். செரோக்கியரிடையே குலம் தாய்வழி வருவது. ஆதலின் தந்தை வெள்ளையராயினும், செரோக்கித் தாய் பெற்ற பிள்ளை அவ்வினத்தின் முழு உரிமையுடைய பிள்ளையே. பிற்காலத்தில் 1828 முதல் 1866 வரை செரோக்கியரின் முதன்மைத் தலைவராய் விளங்கிய ஜான் ராஸ் என்பவரின் முன்னோருள் பெரும்பாலோர் ஸ்காத்லாந்துக்காரர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஆயினும் வந்தவர்கள் அன்பை மட்டும் கொண்டு வரவில்லை. அவர்களோடு வந்த பெரியம்மை நோய் ஊர் ஊராகச் செரோக்கியரைக் கொன்றது. 1776ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது, குடியேறிகளின் படைகள் செரோக்கி ஊர்களையும் விளைநிலங்களையும் தீக்கிரையாக்கின. போருக்குப் போர், உடன்படிக்கைக்கு உடன்படிக்கை அவர்கள் நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது.

பிறப்பும் தொழிலும்

இத்தகைய காலத்தில், 1770ஆம் ஆண்டுகளில், இன்றைய டென்னசி மாநிலத்திலுள்ள டஸ்கீகி என்னும் சிற்றூரில் செக்வோயா பிறந்தார். தாயார் செரோக்கிப் பெண். தந்தையார் கிஸ்ட் என்னும் குடும்பப் பெயர் கொண்ட வெள்ளையர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதனால் ஆங்கில ஏடுகளில் அவர் ஜார்ஜ் கிஸ்ட் என்றும் ஜார்ஜ் கெஸ் என்றும் குறிக்கப்படுகிறார். தந்தையின் துணையின்றித் தாயாரே அவரை வளர்த்தார். தந்தையின் மொழியை அவர் கற்கவில்லை. அவர் பேசியது தாய் பேசிய மொழி ஒன்றே.

அவருக்கு ஒரு கால் ஊனம். வேட்டையையும் ஓட்டத்தையும் ஆண்மையாகக் கருதிய சமுதாயத்தில் அது பெருங்குறையாகத் தோன்றியிருக்கும். அவரோ கைத்தொழிலில் மனத்தைச் செலுத்தினார். வெள்ளி வேலையும் இரும்பு வேலையும் பழகிச் சிறந்த கைவினைஞர் ஆனார். தாம் செய்த வெள்ளி அணிகளில் தம் பெயரைப் பொறிக்க விரும்பி, ஆங்கிலம் அறிந்த சார்லஸ் ஹிக்ஸ் என்னும் செரோக்கித் தலைவரிடம் பெயரை எழுதித் தரும்படி கேட்டு வாங்கினார் என்று கூறுவர். எழுத்தைக் கண்டார், அதனைப் பார்த்து அவ்வாறே பொறித்தார், ஆனால் படிக்கத் தெரியாது. அந்நிலையில் அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது.

பேசும் இலைகள்

வெள்ளையர் தாளில் எதையோ எழுதித் தொலைவிலுள்ளோர்க்கு அனுப்புவதையும், பெற்றவர் அதனைப் பார்த்தே செய்தியை அறிந்துகொள்வதையும் செரோக்கியர் கண்டனர். அத்தாள்களைப் பேசும் இலைகள் என்று அழைத்தனர். அஃது இறைவன் வெள்ளையர்க்கு மட்டும் அளித்த வரம் என்று சிலரும், ஏதோ மந்திரம் என்று சிலரும் எண்ணினர். செக்வோயா அவ்வாறு எண்ணவில்லை. ஒருவன் வாயிலிருந்து வரும் ஒலியைக் குறியாக்கி வைத்தால், அக்குறியைக் கற்றவர் எவரும் அவ்வொலியை மீண்டும் எழுப்பலாம்; இதில் மந்திரம் யாதும் இல்லை; வெள்ளையர் செய்ததைச் செரோக்கியரும் செய்யலாம் என்று துணிந்தார். 1809ஆம் ஆண்டளவில் அம்முயற்சியைத் தொடங்கினார்.

இடையில் போர் வந்தது. 1813, 1814ஆம் ஆண்டுகளில் கிரீக் இனத்தாருள் ஒரு பிரிவினரோடு அமெரிக்கர் பொருதபோது, செரோக்கியர் அமெரிக்கரின் பக்கம் நின்றனர். செக்வோயாவும் செரோக்கிப் படையில் சேர்ந்தார். 1814ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் ஹார்ஸ்சூ பெண்டு என்னுமிடத்தில் நடந்த பெரும்போரில், செரோக்கி வீரர்கள் ஆற்றை நீந்திக் கடந்து பகைவரின் படகுகளைக் கைப்பற்றினர். வெற்றி பெற்ற தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் மீண்டும் வருவார்.

படைவீட்டில் வெள்ளை வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவர். வீட்டிலிருந்து வரும் கடிதத்தைப் படித்து மகிழ்வர். செரோக்கி வீரர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. இக்காட்சி செக்வோயாவின் எண்ணத்தை மேலும் உறுதியாக்கியது என்பர்.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

முதலில் அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி அமைக்க முயன்றார். சொற்களோ ஆயிரக்கணக்கானவை. குறிகள் பெருகின, அவற்றை யார் நினைவில் வைத்துக்கொள்வது? அவரே மறந்துபோனார். பல காலம் செய்த வேலை பயனற்றதென உணர்ந்து அதைக் கைவிட்டார். மனம் மட்டும் தளரவில்லை.

இதற்குள் அவருடைய நிலம் உழுவாரின்றிக் கிடந்தது. அக்கம்பக்கத்தார் ஏளனம் செய்தனர். பில்லி சூனியம் பயில்கிறார் என்று சிலர் பழித்தனர். அவர்தம் மனைவியே வெறுப்புற்று அவர் எழுதி வைத்தவற்றைத் தீயிலிட்டார் என்றும் கதை வழங்குகிறது. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

இம்முறை பேச்சைக் கூர்ந்து கேட்டார். ஆயிரம் சொற்களிலும் ஒரு சில ஒலித்துண்டுகளே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். இதுவே அவர்தம் பெருங்கண்டுபிடிப்பு. தமிழ் கற்ற நமக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. நாம் க, கி, கோ என்னும் உயிர்மெய் எழுத்துகளை எழுதுகிறோம். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசையை ஒலிக்கிறது. செக்வோயாவும் அசைக்கு ஓர் எழுத்து வீதம் அமைத்தார். ஆனால் நம் எழுத்தில் ககர வரிசை முழுவதும் ஒரே அடிவடிவம் கொண்டு கால், கொம்பு, சுழி முதலியன பெற்று வருவதுபோல் அங்கு இல்லை. ஒவ்வோர் அசைக்கும் முற்றிலும் வேறான வடிவம் உண்டு. முதலில் 86 எழுத்துகள் அமைந்தன. பின்னர் 85 எழுத்துகளே நிலைபெற்றன.

எழுத்து வடிவங்களுக்காக, கையில் கிடைத்த ஆங்கில நூல் ஒன்றிலிருந்தும் சில உருவங்களை எடுத்துக்கொண்டார். அவற்றின் ஆங்கில ஒலி அவருக்குத் தெரியாது. ஆகவே, ஆங்கில டி எழுத்தைப் போன்ற உருவம் செரோக்கியில் அகர ஒலியைத் தருகிறது. டபிள்யூ எழுத்தைப் போன்றது லகர ஒலியைத் தருகிறது. எச் எழுத்தைப் போன்றது மி என்று ஒலிக்கிறது. வெள்ளையரிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டவை, எழுத்து என்னும் எண்ணமும் சில உருவங்களுமே. ஒலியும் மொழியும் முறையும் அவர் தம்முடையவை.

மகளே முதல் மாணவி

1821ஆம் ஆண்டில் பணி நிறைவேறியது. முதலில் அவரிடம் எழுத்துக் கற்றவள் அவருடைய சிறுமகள் அயோக்கா. அப்போது அவளுக்கு வயது ஆறு என்பர். நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் பிள்ளையின் வயது! பெரியோர் சூனியம் என்று அஞ்சியதை அச்சிறுமி விளையாட்டாகவே கற்றுத் தேர்ந்தாள்.

தலைவர்கள் சோதித்துப் பார்க்க விரும்பினர். தந்தையையும் மகளையும் ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேளாத தொலைவில் நிறுத்தினர். ஒருவரிடம் அவர்கள் சொன்ன சொற்கள் எழுதப்பட்டன. எழுதிய தாள் மற்றவரிடம் கொடுக்கப்பட்டது. தாளைப் பெற்றவர் அச்சொற்களைப் பிழையின்றிப் படித்தார். ஐயம் தீராத தலைவர்கள் இளைஞர் சிலரைத் தேர்ந்து அவரிடம் கற்பிக்க அனுப்பினர். அவர்களும் சின்னாட்களில் கற்று எழுதவும் படிக்கவும் செய்தனர். அதன்பின் பழித்த வாய்கள் புகழ்ந்தன.

செரோக்கி மொழி பேசுவோர் இவ்வெழுத்தைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ள முடிந்தது. பள்ளிக் கட்டடம் இல்லை. சம்பளம் பெறும் ஆசிரியர் இல்லை. கற்றவர் கல்லாதவர்க்குச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுத் திண்ணையிலும் வழிநடையிலும் பாடம் நடந்தது. ஆர்க்கன்சா ஆற்றுப் பக்கம் முன்னரே குடிபெயர்ந்திருந்த உறவினரும் கிழக்கே இருந்தவர்களும் கடிதம் எழுதிக்கொண்டனர். மருத்துவர்கள் தம் மூலிகை முறைகளையும் மந்திரங்களையும் ஏடுகளில் எழுதி வைத்தனர். சில ஆண்டுகளுக்குள் செரோக்கியரிடையே எழுத்தறிந்தோரின் விகிதம், சுற்றியிருந்த வெள்ளைக் குடியேறிகளிடையே இருந்ததைவிட மிகுந்துவிட்டது என்று கூறப்படுகிறது. 1825ஆம் ஆண்டில் செரோக்கி அரசு இவ்வெழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது. செக்வோயாவுக்கு வெள்ளிப் பதக்கம் அளிக்கவும் முடிவாயிற்று.

அச்சேறிய மொழி

எழுத்து வந்தபின் அச்சகம் வேண்டுமன்றோ? செரோக்கி மன்றம் பணம் ஒதுக்கியது. எலியாஸ் பூடினோ என்னும் செரோக்கி இளைஞர் 1826ஆம் ஆண்டில் வட மாநில நகரங்களுக்குச் சென்று வெள்ளையரிடம் உரையாற்றி நன்கொடை திரட்டினார். வெள்ளையர் நடத்திய பள்ளியில் படித்த அவர், அவ்வாண்டிலேயே ஹேரியட் கோல்டு என்னும் வெள்ளைப் பெண்ணை மணந்தார். மணமகளின் ஊரார் சினங்கொண்டு அவ்விருவர் உருவங்களையும் எரித்தனர். அறிவு கொடுக்க விரும்பிய கைகளே உறவு கொள்ளத் தயங்கிய காலம் அது.

சாமுவேல் வூஸ்டர் என்னும் கிறித்துவ ஊழியர் செரோக்கியரிடையே வந்து தங்கி அவர்கள் மொழியைக் கற்றார். பாஸ்டன் நகரில் செரோக்கி அச்செழுத்துகள் வார்க்கப்படுவதற்குத் துணை நின்றார். 1828ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டா ஊரில் செரோக்கி பீனிக்ஸ் என்னும் வார இதழ் வெளிவந்தது. ஆசிரியர் பூடினோ. செரோக்கியும் ஆங்கிலமும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாயின. அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் வெளியிட்ட முதல் செய்தித்தாள் அதுவே.

செக்வோயா அப்போது அவ்வூரில் இல்லை. அவர் 1824ஆம் ஆண்டளவில் ஆர்க்கன்சாவுக்குச் சென்றுவிட்டார். 1828ஆம் ஆண்டில் மேலைச் செரோக்கியரின் தூதருள் ஒருவராக வாஷிங்டன் நகர் சென்றார். அங்கே சார்லஸ் பேர்டு கிங் என்னும் ஓவியர் அவரை வரைந்தார். தலைப்பாகை அணிந்து, நீண்ட புகைக்குழல் வாயிலிருக்க, தம் எழுத்துப் பலகையைச் சுட்டி நிற்கும் அவ்வோவியத்தின் படிகளே இன்று நூல்களில் காணப்படுகின்றன. அவ்வாண்டு செய்துகொண்ட உடன்படிக்கையில், அவர் எழுத்தால் மக்கள் பெற்ற நன்மையைக் குறிப்பிட்டு 500 டாலர் அவருக்கு வழங்க அமெரிக்க அரசு ஒப்பியது. அதே உடன்படிக்கை மேலைச் செரோக்கியரை மீண்டும் இடம் பெயரச் செய்தது. ஒரு கை பரிசு தந்தது. மறு கை நிலத்தை வாங்கிக்கொண்டது. செக்வோயா இன்றைய ஓக்லஹோமாவிலுள்ள சாலிசா ஊரருகே 1829ஆம் ஆண்டில் மரக்கட்டைகளால் சிறு வீடு கட்டிக் குடியேறினார்.

கண்ணீர் வழி

இனி நம் நெஞ்சை வருத்தும் பகுதிக்கு வருகிறோம். செரோக்கியர் ஏர் பிடித்தனர், இராட்டையில் நூற்றனர், 1827ஆம் ஆண்டில் எழுத்து வடிவில் அரசியலமைப்புச் சட்டம் இயற்றினர். செல்வர் சிலர் வெள்ளைப் பண்ணையாரைப் பின்பற்றி ஆப்பிரிக்கரை அடிமைகளாக வைத்திருந்த குற்றத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. நாகரிகம் அடைந்தால் அண்டை வீட்டாராக வாழ விடுவோம் என்று வெள்ளையர் சொன்ன சொல்லை அவர்கள் நம்பினர். ஆனால் ஜார்ஜியாவுக்கு வேண்டியது நிலம். 1829ஆம் ஆண்டளவில் அங்குப் பொன் கிடைத்தது ஆசையை மேலும் வளர்த்தது.

முன்னர் செரோக்கியரோடு தோளோடு தோள் நின்று போரிட்ட தளபதி ஜாக்சன் இப்போது நாட்டின் அதிபர். பூர்வகுடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பும் சட்டத்தில் 1830ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் கையெழுத்திட்டார். செரோக்கியர் பக்கம் நின்ற வெள்ளையரும் இருந்தனர். ஜார்ஜியாவின் ஆணைக்குப் பணிய மறுத்த வூஸ்டர் சிறையில் கடுங்காவல் அனுபவித்தார். அவர் வழக்கில் 1832ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நிறைவேற்ற ஜாக்சன் முன்வரவில்லை.

1834ஆம் ஆண்டில் செரோக்கி பீனிக்ஸ் நின்றது. மறு ஆண்டு ஜார்ஜியாவின் காவற்படை அச்சுப்பொறியையே பறித்துச் சென்றது. 1835ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், பூடினோ உள்ளிட்ட சிறு குழுவினர், இனி வேறு வழியில்லை என்று கருதி நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஏறத்தாழ 15,000 பெயர்கள் கொண்ட எதிர்ப்பு மனுவை ஜான் ராஸ் முன்வைத்தார், பயனில்லை. 1838ஆம் ஆண்டில் படைவீரர் வீடு வீடாகச் சென்று மக்களைத் திரட்டி முகாம்களில் அடைத்தனர். சுமார் 16,000 பேர் 800 மைலுக்கு மேற்பட்ட வழியில் மேற்கே அனுப்பப்பட்டனர். முகாம்களிலும் குளிர்கால நடையிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடுவர். அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்கரும் அவ்வழியே நடந்தனர். இவான் ஜோன்ஸ் என்னும் வெள்ளைச் சமய ஊழியரும் அவர்களைக் கைவிடாது உடன் சென்றார். அவ்வழிக்குக் கண்ணீர் வழி என்று பெயர்.

ஒற்றுமைத் தூதர்

புது நிலத்தில் உட்பகை மூண்டது. 1839ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், நிலத்தை விட்டுக்கொடுத்தவர் என்ற சினத்தால் பூடினோ தம் இனத்தாராலேயே கொல்லப்பட்டார். செக்வோயாவின் எழுத்தை முதன்முதல் இதழாக்கிய ஆசிரியரின் முடிவு இவ்வாறாயிற்று. அவ்வேளையில் முன்பே குடியேறியிருந்த மேலைச் செரோக்கியரின் சார்பில் முன்வந்து, புதிதாய் வந்தோரையும் பழையோரையும் இணைக்கப் பாடுபட்டவர் முதியவராகிய செக்வோயா. அவ்வாண்டு எழுதப்பட்ட ஒற்றுமை ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். 1841ஆம் ஆண்டில் செரோக்கி அரசு அவருக்கு ஆண்டுக்கு 300 டாலர் உதவித்தொகை வழங்க முடிவு செய்தது.

அவர் ஓய்ந்திருக்கவில்லை. செரோக்கியர் சிலர் மெக்சிகோ நாட்டுக்குள் சென்று பிரிந்து வாழ்வதைக் கேள்வியுற்று, அவர்களையும் கண்டு இணைக்க விரும்பி 1842ஆம் ஆண்டில் புறப்பட்டார். வயது எழுபதை ஒட்டியிருந்தது, கால் ஊனம், வழியோ நெடுவழி. 1843ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே உயிர் நீத்தார். அவர் கல்லறை இருக்குமிடத்தை இன்றுவரை எவரும் கண்டறியவில்லை.

நிலைத்து நிற்பது

1917ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. எந்த அரசு அவர் இனத்தாரைத் துரத்தியதோ, அந்த அரசின் மாளிகையிலேயே அவர் நிற்கிறார். உலகிலேயே மிக உயர்ந்து வளரும் செக்வோயா என்னும் மரவகைக்கு 1847ஆம் ஆண்டில் வைக்கப்பட்ட பெயரும் அவர் நினைவாக அமைந்தது என்று கருதுவர். அவர் கட்டிய சிறு வீட்டை 2016ஆம் ஆண்டு முதல் செரோக்கி அரசே பேணி வருகிறது. அவர் அமைத்த எழுத்துகள் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இடம்பெற்றுள்ளன.

ஆயினும் மகிழ்ச்சியோடு மட்டும் இதனை முடித்தல் இயலாது. செரோக்கி அரசின் குடிமக்களாகப் பதிந்துள்ளோர் இன்று 4 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அம்மொழியைப் பிறப்பிலிருந்து பேசுவோரோ, 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஏறத்தாழ 2,000 பேர்தாம். நெடுங்காலம் பள்ளிகளில் ஆங்கிலமே ஆண்டது. வீட்டிலும் பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசலாயினர். இப்போது செரோக்கி மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளிகளை அமைத்துச் சிறுவர்க்கு அவ்வெழுத்தைக் கற்பித்து வருகின்றனர்.

மாணவச் செல்வங்களே! எழுத்து மட்டும் ஒரு மக்களின் நிலத்தைக் காத்துவிடாது என்பதை இவ்வரலாறு மறைக்காமல் சொல்கிறது. ஆனால் நிலம் போன பிறகும் அவர்களை ஓரினமாக வைத்திருந்தது அவ்வெழுத்து என்பதையும் சொல்கிறது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எழுத்து இருந்தும், வீட்டில் பேசுவார் குறைந்தால் மொழி தேய்கிறது.

நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாளில், தோட்டத்துப் பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட இயலாது, பெருவிரலை மையில் தொட்டுப் பதித்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பர். அக்காட்சி நம் கண்ணை விட்டு அகலவில்லை. அவர்கள் குனிய வேண்டியதில்லை என்றே இன்று சொல்ல விரும்புகிறோம். செக்வோயாவும் எழுத்தறியாதவராகவே தொடங்கினார். படிக்காத பெற்றோர் தம் பிள்ளையிடம் தாய்மொழியில் பேசும் ஒவ்வொரு சொல்லும், அப்பிள்ளை ஏட்டில் எழுதப்போகும் சொல்லாகும்.

ஆதலின் இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், நீங்கள் படித்த பாடத்தைத் தாய்க்கும் தந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். சிறுமி அயோக்கா தொடங்கி வைத்தது அதுவே.